அறுபத்தாறாம் நம்பர் ரோட்டில் உங்கள் பேர்

அக்டோபர் 11, சனி

பச்சைக்கொடியாரே,

உங்களை இப்படித்தான் கூப்பிட வேண்டும். வேறு எப்படிக் கூப்பிட? முப்பத்தெட்டு வருஷமாக வாயில் வராத பேர் இந்த நோட்டில் மட்டும் வந்துவிடுமா? ரயில்வே கேட்டை அடைத்துவிட்டு, பச்சைக் கொடியைப் பிடித்துக்கொண்டு, கலெக்டர் மாதிரி விறைப்பாக நிற்பீர்களே, அதைப் பார்த்து நான் மனதுக்குள் வைத்த பட்டம் இது. உங்களிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் இரண்டு நாள் சாப்பிடாமல் முறுக்கிக்கொண்டு திரிந்திருப்பீர்கள்.

நோட்டு மாப்பிள்ளை கொடுத்தது. அவர் கம்பெனி டைரி. சும்மா உட்கார்ந்திருந்தால் மனசு கண்டதையும் நினைக்கும், தினமும் கொஞ்சம் எழுதுங்கள் அத்தை என்றார். அஞ்சாம் வகுப்பு படித்தவளை எழுதச் சொல்கிறார், பாருங்கள். ஆனால் நீங்களும் பெரிய படிப்பு ஒன்றும் இல்லை. எட்டாவது பெயில். அதை வைத்துக்கொண்டு கேட் ரிஜிஸ்டரில் எந்த வண்டி எத்தனை மணிக்குப் போனது என்று வருஷக்கணக்காக எழுதினீர்கள். அந்தக் கோழிக் கிறுக்கலுக்கு என் எழுத்து தேவலை.

இன்றைக்கு ரசத்துக்குத் தாளித்தேன். இங்கே வீட்டுக் கூரையில் வட்டமாக ஒரு டப்பா இருக்கிறது. மிளகாய் வற்றல் கருகின வாசம் பட்டதும் அது சங்கு ஊதுகிறது. செண்பகம் ஓடி வந்து நாற்காலியில் ஏறி அதன் வாயை அடைத்தாள். நம் மகள் அமெரிக்காவுக்கு வந்து படித்த வித்தை இதுதான்.

அக்டோபர் 13, திங்கள்

செண்பகம் மறுபடியும் கேட்டாள். மூன்றாவது தடவை.

துணி மடித்துக்கொண்டிருந்தோம். என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். உங்களைக் கொண்டுபோன அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் பத்து மணிக்குக் கால் மணி நேரம் முன்னாலேயே இறக்கிவிட்டேன் என்று ஆட்டோ ஓட்டின அருளப்பன் சொல்கிறாராம். ஆஸ்பத்திரிச் சீட்டில் பத்தே கால் என்று போட்டிருக்கிறதாம். நடுவில் அரை மணி நேரம் எங்கேம்மா போச்சு என்றாள்.

கூட்டம் என்றேன். கூட்டம் இருந்தது உண்மைதான். எனக்கு முன்னால் நாலு பேர் நின்றார்கள்.

நாலு பேருக்கு அரை மணி நேரமா என்றாள். மாப்பிள்ளை சட்டையின் காலர் அழுக்குப் போகவில்லை என்று சொல்லிப் பேச்சை மாற்றினேன். அவள் விடவில்லை. அப்பாவைத் தொட்டுப் பார்க்கக்கூட எனக்குக் கொடுத்து வைக்கவில்லை, என்ன நடந்தது என்றாவது தெரிய வேண்டாமா என்றாள். நியாயம்தான். அவள் விமானம் ஏறி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

காலரைத் தேய்த்துத் தேய்த்து நூல் பிரிந்துவிட்டது.

அக்டோபர் 14, செவ்வாய்

குப்பை வண்டி வந்தது. ஓட்டுகிற ஆள் இறங்கவே இல்லை. வண்டியே கையை நீட்டித் தொட்டியைத் தூக்கிக் கவிழ்த்துக்கொண்டது. வேறு விசேஷம் இல்லை.

அக்டோபர் 16, வியாழன்

திங்கட்கிழமை தீபாவளி. நமக்கு இந்த வருஷம் கிடையாது. எண்ணெய்ச் சட்டி வைக்கக்கூடாது. இங்கே நாலு தெரு தள்ளி ஒரு தமிழ்க் குடும்பம் இருக்கிறது. அந்தப் பெண் வந்து கூப்பிட்டது. பாவம், அதற்கு விஷயம் தெரியாது. செண்பகம் சொன்னதும் அது முகம் சுருங்கி, கையில் கொண்டுவந்த முறுக்கை வைப்பதா எடுத்துக்கொண்டு போவதா என்று தெரியாமல் நின்றது. நான் வாங்கி வைத்துக்கொண்டேன். நல்ல முறுக்கு. நீங்கள் இருந்தால் உப்புக் கொஞ்சம் தூக்கல் என்று சொல்லிக்கொண்டே டப்பாவைக் காலி செய்திருப்பீர்கள்.

அன்றைக்கு வீட்டில் இருக்க வேண்டாம், பாலைவனத்தில் ஒரு பழைய ரயில்வே ஊர் இருக்கிறது, கூட்டிப் போகிறேன் என்றார் மாப்பிள்ளை. நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க உண்டான ஊராம். அப்புறம் டீசல் எஞ்சின் வந்தது. தண்ணீர் தேவைப்படவில்லை. கொஞ்ச காலம் அறுபத்தாறாம் நம்பர் ரோட்டில் போகிற கார்களை வைத்துப் பிழைத்ததாம். பிறகு புது ரோட்டை வேறு பக்கமாகப் போட்டுவிட்டார்கள். அத்தோடு எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். பேர் ஹார்லன்.

ரயில்வேக்காரர் பெண்டாட்டியைச் சந்தோஷப்படுத்த ஆளில்லாத ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போகிறார். உங்கள் மாப்பிள்ளை உங்கள் மாதிரியே. கல்யாணமான புதிதில் என்னை ஊர் சுற்றிக் காட்டுகிறேன் என்று கூட்டிப்போய் மணியாச்சி ஜங்ஷனில் உட்கார வைத்தவர்தானே நீங்கள்.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

போய்விட்டு வந்துவிட்டோம். இன்றைக்கு நிறைய எழுத வேண்டும்.

காலையில் புளிச்சோறு கட்டிக்கொண்டு கிளம்பினோம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டம். வீடெல்லாம் தீர்ந்துபோய் வெறும் மண்ணும் மலையும். செடிகள்கூட ஒன்றோடு ஒன்று சண்டை போட்டுக்கொண்ட மாதிரி தள்ளித் தள்ளி நிற்கின்றன. ரோட்டுக்குப் பக்கத்திலேயே தண்டவாளம் கூட வந்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்தது. மாப்பிள்ளை கண்ணாடியில் பார்த்துவிட்டு, அத்தை முகத்தில் இப்போதுதான் வெளிச்சம் வருகிறது என்றார். செண்பகம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்கு என் மேல் இன்னும் அந்த அரை மணி நேரம் பாக்கி இருக்கிறது.

ஹார்லன் என்பது ஒரு பள்ளிக்கூடச் சுவர், கூரை இல்லாத இரண்டு கடை, தண்ணீர்த் தொட்டி நின்ற இரும்புக் கால்கள், ஒரு பூட்டின பெட்ரோல் பங்க். அவ்வளவுதான். தண்டவாளத்தை ஒட்டி வரிசையாக எட்டு வீட்டின் அஸ்திவாரம் மட்டும் கிடந்தது. எனக்கு ஒருத்தரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அளவைப் பார்த்ததுமே ரயில்வே குவார்ட்டர்ஸ் என்று தெரிந்துவிட்டது. இது முன்னறை, இது அடுப்படி, இந்த மூலையில் அம்மி என்று மாப்பிள்ளைக்குக் காட்டினேன். இவர்கள் அம்மி வைத்திருக்க மாட்டார்கள் அத்தை என்றார். சரி, அது இல்லாத குறையில்தான் ஊர் காலியானது என்றேன். செண்பகம் அடக்கிக்கொண்டு சிரித்தாள்.

ஒரு லெவல் கிராசிங்கும் இருந்தது. கேட்மேன் இல்லை. குடிசை இல்லை. ஒரு மணி, இரண்டு சிவப்பு விளக்கு, தானே இறங்குகிற ஒரு கட்டை. உங்கள் உத்தியோகம் மொத்தமும் அவ்வளவுதானாம். அதற்கு நீங்கள் வாரத்துக்கு இரண்டு தரம் யூனிபாரத்துக்குக் கஞ்சி போடச் சொன்னீர்கள்.

அப்போது ஒரு கூட்ஸ் வந்தது. முன்னால் நாலு எஞ்சின். பெட்டி மேல் பெட்டி அடுக்கியிருந்தது. எனக்குத் தெரியாமலேயே நான் கிராசிங் பக்கம் போய், நீங்கள் நிற்கிற மாதிரி உடம்பைக் கொஞ்சம் சாய்த்து, சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். எங்காவது புகைகிறதா, ஏதாவது தொங்குகிறதா என்று. வலது கை முன்னால் நீண்டிருந்ததாம். மாப்பிள்ளை போட்டோ எடுத்துவிட்டார். எஞ்சின் டிரைவர் ஹாரன் அடித்துவிட்டுப் போனார். நூற்றுப் பதினேழு பெட்டி எண்ணினேன். கடைசிப் பெட்டி போனதும் கார்டு கொடி காட்டுவாரே என்று பார்த்தால், கடைசிப் பெட்டியில் ஆளே இல்லை. இந்த நாட்டில் கார்டு கிடையாதாம். நீங்கள் இங்கே வேலை பார்த்திருந்தால் பதிலுக்குக் கொடி காட்ட ஆளில்லாமல் ஏங்கியே போயிருப்பீர்கள்.

பெட்ரோல் பங்க் நிழலில் ஒரு அம்மா வண்டியை நிறுத்திச் சோடாவும் தண்ணீரும் விற்றுக்கொண்டிருந்தாள். பேர் டோரிஸ். ஐம்பது வயது இருக்கும். வெயிலில் முகம் செங்கல் நிறம். பழைய ரோட்டைப் பார்க்க வருகிறவர்களுக்காக வாரத்தில் மூன்று நாள் வருவாளாம். என் சேலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இத்தனை துணியை எப்படிச் சமாளிக்கிறாய் என்று கேட்டாள். நீ அந்த ஒட்டின கால்சட்டையை எப்படிக் கழற்றுகிறாய் என்று திருப்பிக் கேட்கச் சொன்னேன். செண்பகம் சொல்ல மாட்டேன் என்றுவிட்டாள். மாப்பிள்ளை சொல்லிவிட்டார். டோரிஸ் என் முதுகில் ஒரு அடி போட்டாள்.

அவள்தான் அந்தக் கரையைக் காட்டினாள். ரோட்டுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில், மழைத் தண்ணீர் ரயில் பாதைக்குப் போகாமல் தடுக்க மண்ணைக் குவித்து நீளமாகக் கரை கட்டியிருக்கிறார்கள். அந்தச் சரிவு முழுக்கப் பேர். கல்லைப் பொறுக்கி எழுத்து எழுத்தாக வைத்திருக்கிறார்கள். இந்த ரோட்டில் போகிறவர்கள் இறங்கித் தங்கள் பேரை, தங்களுக்கு வேண்டியவர்கள் பேரை வைத்துவிட்டுப் போவது வழக்கமாம். மைல் கணக்கில் போகிறது.

டோரிஸ் பேரும் இருந்தது. பக்கத்தில் அவள் புருஷன் ராய் பேர் இருந்ததாம். அவன் வேறொருத்தியோடு போய்விட்டான். கோபம் வரும்போதெல்லாம் வந்து அவன் பேரிலிருந்து ஒரு கல்லை எடுத்து எறிவாளாம். இப்போது இங்கிலீஷ் மூன்று எழுத்தில் ஒன்றும் பாதியும்தான் மிச்சம். முழுக்க எடுத்துவிட வேண்டியதுதானே என்று கேட்கச் சொன்னேன். எடுத்துவிட்டால் அப்புறம் எதை எறிவது என்றாளாம்.

மாப்பிள்ளை அவர் பேரையும் செண்பகம் பேரையும் இங்கிலீஷில் பத்து நிமிஷத்தில் வைத்துவிட்டார். மாமா பேரை நீங்கள் வையுங்கள் அத்தை என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஓட்டர் லிஸ்டுக்குக்கூட நான் சொன்னதில்லை. உங்கள் அம்மா என்னை விட மோசம். உங்கள் அப்பா பேர் சீனிச்சாமி என்பதால் சாகும்வரை சீனியை இனிப்பு மண்ணு என்றுதான் சொன்னார்கள். அந்த வீட்டில் வாக்கப்பட்டவள் நான்.

செண்பகம் நானே வைக்கிறேன் என்று கல் பொறுக்க ஆரம்பித்தாள். அவளும் இங்கிலீஷ். எனக்குப் பொறுக்கவில்லை. அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியுமா என்றேன். அவள் கையில் இருந்த கல்லை என் பக்கம் நீட்டினாள்.

“அப்ப நீயே வையி.”

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சரிவில் உட்கார்ந்தேன். கல் சூடு. முதல் எழுத்துக்கு முன்னால் ஒரு கொம்பு வருகிறதே, அது சுழியாமல் இரண்டு தரம் சரிந்துவிட்டது. கொ. பிறகு ம். மேலே புள்ளிக்குச் சின்னதாக ஒரு வெள்ளைக் கல் வேண்டியிருந்தது. அதைத் தேடுவதற்கே எவ்வளவோ நேரம் ஆனது. பை. அதன் கொம்பு கொஞ்சம் கோணல். யா. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். மாப்பிள்ளை குடை பிடித்தார். நடுவில் மூன்று தரம் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

எழுந்து பார்த்தேன். அத்தனை இங்கிலீஷ் பேருக்கு நடுவில் நீங்கள் மட்டும் தமிழில் நின்றீர்கள். நான் எழுதினது. யாரும் வந்து எழுதித் தரவில்லை. நாலு எழுத்து. என் கைக்குத் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

செண்பகம் என் தோளில் கைபோட்டுக்கொண்டாள். பார்த்தியாம்மா, எழுதிட்டே, ஒண்ணும் ஆகலையே என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் அந்த அரை மணி நேரத்தைச் சொல்லிவிட்டேன்.

“சீட்டு எழுதுற எடத்துல அப்பா பேரக் கேட்டாங்க செண்பகம். நான் சொல்லல.”

“எப்ப?”

“அன்னைக்கி. என் முறை வந்துருச்சு. எங்க வீட்டுக்காரருன்னேன். வீட்டுக்காரரு பேரு என்னன்னு கேட்டான். வாய் வரல. அருளப்பன் வந்து சொல்லுவாருன்னு ஒதுங்கி நின்னுட்டேன். ஆட்டோவ உள்ள நிறுத்தக்கூடாதுன்னு வாட்ச்மேன் அவர வெளிய வெரட்டியிருக்கான். அவரு எங்கிட்டோ நிறுத்திட்டு வந்து பேரச் சொல்லித்தான் சீட்டு போட்டாங்க. டாக்டர் அதுக்கப்புறந்தான் வந்தாரு.”

“அதுவரைக்கும் அப்பா?”

“வராந்தாவுல. ஸ்ட்ரெச்சர்ல.”

செண்பகம் கையை எடுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கரையில் இருந்த எழுத்தையே பார்த்தாள்.

“நாலெழுத்தும்மா,” என்றாள். “நாலே எழுத்து.”

பிறகு காருக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். புளிச்சோற்றை யாரும் பிரிக்கவில்லை. வீடு வரும்வரை மாப்பிள்ளை பாட்டுப் போடவில்லை.

அக்டோபர் 21, செவ்வாய்

பேசவில்லை.

அக்டோபர் 22, புதன்

புளிச்சோற்றை எறிய மனசில்லாமல் நானே இரண்டு வேளை சாப்பிட்டேன். மாப்பிள்ளையும் எனக்குத் துணையாகக் கொஞ்சம் சாப்பிட்டார். அது லேசாகப் புளித்துப் போயிருந்தது தெரிந்தும் சாப்பிட்டார்.

மாமா மூன்று வருஷமாக நெஞ்சுக்கு மாத்திரை சாப்பிட்டவர், அரை மணி நேரத்தில் எதுவும் மாறியிருக்காது என்று எனக்கு ஆறுதல் சொன்னார். மாறியிருக்கும் என்று யாராவது சொன்னால் உடனே நம்புகிறேன். மாறியிருக்காது என்று சொன்னால் நம்ப முடியவில்லை. நான் டாக்டரிடமே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவர் வாயிலிருந்து வருகிற பதிலை வைத்துக்கொண்டு மிச்ச நாளை ஓட்ட வேண்டுமே என்ற பயம்.

ஊருக்குத் திரும்புகிற டிக்கெட் டிசம்பரில். முன்னால் மாற்ற முடியுமா என்று மாப்பிள்ளையிடம் கேட்டேன். செண்பகத்திடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார்.

அக்டோபர் 23, வியாழன்

பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். செண்பகம் ஆபீஸிலிருந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்படிக்கு வந்தாள். கண் வீங்கியிருந்தது. காரில் வரும்போது அழுதிருக்கிறாள்.

“டிக்கெட்ட மாத்தணும்னியாமே.”

நான் அடுத்த பீன்ஸை எடுத்தேன்.

“போறதுன்னா போ. அதுக்கு முன்னால அப்பா பேரச் சொல்லு.”

எழுதிவிட்டேனே என்றேன். எழுதினது கல்லுக்கு, எனக்குச் சொல்லு என்றாள். முதலில் காற்றுதான் வந்தது. அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன்.

“கொம்பையா.”

“கேக்கல.”

“கொம்பையா.”

“சீட்டு எழுதுறவனுக்குக் கேக்குற மாதிரி.”

கத்திச் சொன்னேன். பச்சைக்கொடியாரே, முப்பத்தெட்டு வருஷத்தை ஒரே மூச்சில் கத்தினேன். மாடியிலிருந்து மாப்பிள்ளை என்னவோ ஏதோ என்று ஓடி வந்துவிட்டார். கையில் கீழே இறக்கி வைக்காத போன். அவரைப் பார்த்ததும் செண்பகத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் சிரிப்புமாக மூக்கைத் துடைத்துக்கொண்டு, ரேஷன் கடையில கார்டுக்காரங்களக் கூப்பிடுற மாதிரி இருக்கும்மா என்றாள். நானும் சிரித்துவிட்டேன்.

பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கத்தியை என் கையிலிருந்து வாங்கி மிச்ச பீன்ஸை அவள் நறுக்கினாள். ஒன்று விரல் நீளம், ஒன்று நகம் அளவு. நான் வாயைத் திறக்கவில்லை. டிக்கெட் பேச்சும் வரவில்லை.

அக்டோபர் 24, வெள்ளி

காலையில் செண்பகம் வேலைக்குப் போகும்போது, சாயங்காலம் கடைக்குப் போகலாம், குளிருக்கு உனக்கு ஒரு கோட்டு வாங்கணும் என்று சொல்லிவிட்டுப் போனாள். அப்படியென்றால் டிசம்பர் வரை இங்கேதான்.

அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்று எழுதத்தான் நோட்டைத் திறந்தேன். ஒன்றைச் சொல்லவில்லை. அதை நான் மட்டும்தான் பார்த்தேன்.

அந்த வராந்தாவில் நீங்கள் எனக்கு நாலு அடி தூரத்தில் படுத்திருந்தீர்கள். மூக்கையும் வாயையும் மூடி, கண்ணாடி மாதிரி ஒரு ஆக்சிஜன் மாஸ்க் வைத்திருந்தார்கள். கண் திறந்திருந்தது. சீட்டு எழுதுகிறவன் பேர் கேட்டது உங்களுக்கும் கேட்டிருக்கும். அருளப்பன் வந்து சொல்லுவாரு என்று நான் சொன்னதும் கேட்டிருக்கும். சொல்லிவிட்டு உங்களைத் திரும்பிப் பார்த்தேன். மாஸ்க்குக்குள் உங்கள் உதடு இடது பக்கமாகக் கொஞ்சம் ஏறியது. நம் கல்யாணம் முடிந்த வாரம், தபால்காரர் வாசலில் நின்று வீட்டுக்காரர் பேர் என்னம்மா என்று கேட்க, நான் உள்ளே ஓடிவந்து உங்களை வெளியே தள்ளினேனே, அன்றைக்கும் உதடு அந்தப் பக்கம்தான் ஏறியது. அன்றைக்கு எனக்கு நன்றாகத் தெரியும், சிரித்தீர்கள்.

வராந்தாவில் அது என்ன? சிரித்தீர்களா, வலித்ததா?